ஒரே பேர், இரண்டு நாள்

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து, உயர்தரத்தில் பொருளியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "எங்கள் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். பிறகு ஏன் பெண்களுக்கு வருமானம் குறைவு என்கிறார்கள்? இலங்கையில் மூன்றில் ஒரு பெண்தான் ஊழியப்படையில் (வேலை செய்வோரும் வேலை தேடுவோரும்) இருக்கிறார் என்று பாடத்தில் வருகிறது. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வேலைக்குப் போகாத பெண்களை விரல்விட்டு எண்ணலாம். என் அக்கா உயர்தரம் சித்தியடைந்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். பின்னேரத்தில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். வேலையற்றோர் கணக்கில் அவர் வருவாரா?"

மகள், மூன்றுக்கும் தனித்தனியாக நாலு வரி எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் கேள்வியை நீங்கள் லயத்து வாசலில் நின்று கேட்டிருக்கிறீர்கள், பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன். என் அம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவர். நான் சில வருடங்கள் கணக்கெடுப்புப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவள். படிவத்தில் விழுவது எது, விழாமல் போவது எது என்று ஓரளவு தெரியும்.

நாட்சம்பளம் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் 1929இல் முதல் சம்பள வீதங்கள் வந்தபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணின் நாள் ஆணின் நாளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு என்று சட்டமே எழுதிவைத்தது. கொழுந்தில் பெரும்பகுதியைப் பறித்தவர்கள் பெண்கள் என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. 1941இல் சம்பள நிர்ணய சபைச் சட்டம் வந்தது. சுதந்திரம் வந்தது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. இவ்வளவு நடந்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. 1984 ஏப்ரலில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. அமைச்சரவையில் இருந்துகொண்டே தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் தன் சங்கத்தை வேலைநிறுத்தத்தில் இறக்கிய விநோதமும் அப்போதுதான் நடந்தது. அன்றைய தோட்ட முதலாளி அவர் அங்கம் வகித்த அரசாங்கமே.

ஆகவே நீங்கள் சொல்வது சரி. நாற்பது வருடத்துக்கு மேலாகச் சம்பள வீதத்தில் ஆண், பெண் பேதம் இல்லை. இப்போது 'பேர்' என்ற சொல்லுக்கு வருவோம். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மலைநாட்டுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலை செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பதியப்பட்டால் அது ஒரு பேர். சம்பளம் நெருங்கும்போது "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றுதான் லயத்தில் விசாரிப்பார்கள். எடுத்த கொழுந்து, குறித்த கிலோவுக்குக் குறைந்தால் பல தோட்டங்களில் அரைப் பேர். ஆணின் பேருக்கும் பெண்ணின் பேருக்கும் ஒரே விலை. அந்த ஒரு பேரை வாங்க இருவரும் கொடுக்கும் நேரம்தான் வேறு.

கவ்வாத்து வெட்டுவது (செடியின் கிளைகளைக் கத்தரிப்பது), கான் (வடிகால்) வெட்டுவது, மருந்து அடிப்பது, உரம் போடுவது ஆகியவை பெரும்பாலும் ஆண்களின் வேலை. இத்தனை செடி, இத்தனை முழம் என்று அளவு கொடுப்பார்கள். முடித்தவுடன் போகலாம். பிரட்டுக்களத்தில் காலை பெயர் கொடுத்தவர் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு வீட்டில் இருப்பார். கொழுந்துக்குப் போனவர் பகலில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) கொழுந்தை நிறுத்துவிட்டு, அவசரமாக வீட்டுக்கு ஓடி, சோற்றை வாயில் போட்டுக்கொண்டு மறுபடி மலைக்கு ஏறி, மாலை நான்கு, நாலரைக்கு இரண்டாவது நிறுவை முடித்துத்தான் இறங்குவார். 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டரை வரை ஐந்து மணித்தியாலம் வேலை செய்தவருக்கு மணித்தியாலத்துக்கு 270 ரூபாய். சாப்பாட்டு நேரத்தைக் கழித்து எட்டு மணித்தியாலம் நின்றவருக்கு 168 ரூபாய் 75 சதம். அதாவது ஆணின் ஒரு ரூபாய்க்குப் பெண்ணுக்குச் சுமார் 62 சதம். 1929இல் அதே கணக்கு 80 சதமாக இருந்தது! இதை வைத்துக்கொண்டு நிலைமை அன்றைவிட மோசம் என்று எழுதிவிடாதீர்கள். ஒன்று நாளுக்கான விலை, மற்றது மணித்தியாலத்துக்கான விலை, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் சமச் சம்பளம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான கணக்கு எனக்குத் தெரியாது.

ஆண்கள் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்பது என் வாதம் அல்ல. கவ்வாத்துக் கத்தியை ஐந்து மணித்தியாலம் வீசிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள் வலி தெரியும். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறுவது உடம்பைத் தின்னும் வேலை. ஆனால் அந்த வேலைக்கு அளவு வைத்தவர் அதன் களைப்பையும் கணக்கில் எடுத்தே வைத்தார். கொழுந்து எடுப்பதற்கு அளவு வைத்தவர், அது விரல் வேலைதானே, பொழுதுக்கும் செய்யலாம் என்று நினைத்தார். 'சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம்' என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆவது சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. அதில் 'பெறுமதி' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பதைத் தாண்டி, வேறு வேறு வேலைகளை எந்தத் தராசில் நிறுக்கிறீர்கள் என்று அந்தச் சொல் கேட்கிறது.

தராசு என்றதும் மடுவத்துத் தராசு ஞாபகம் வருகிறது. ஈரத்துக்கு, முற்றின இலைக்கு, கூடைக்கு என்று அங்கே கழிக்கும் கிலோக்கள். மழை நாளில் அம்மா வீட்டுக்கு வந்து, எத்தனை கிலோ எடுத்தேன், எத்தனை எழுதினார்கள் என்று விரல்விட்டு எண்ணுவார். எண்ணி முடித்துப் பெருமூச்சு விட்டு அடுப்பைப் பற்றவைப்பார். நிறுப்பவர், எழுதுபவர், கங்காணி என்று தராசைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆண்களின் வேலை செடிக்கணக்கில் முடிகிறது, செடியை ஈரத்துக்குக் கழிக்க முடியாது. கிலோவில் கழிவு நடப்பது பெண்ணின் வேலையில்தான்.

அடுத்தது, நாட்சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கொடுப்பனவுகள். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள்: அடிப்படை 500, வரவுக்கு (ஒழுங்காக வேலைக்கு வந்ததற்கு) 60, உற்பத்தித்திறனுக்கு 140, தேயிலை விலைக்கு 30. வரவுக்கான காசு யாருக்குக் கைநழுவும்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர் யார், மாமியார் விழுந்துவிட்டால் வீட்டில் நிற்பவர் யார்? சட்டத்தில் பால் பேதம் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனால் வீட்டின் அவசரங்கள் எல்லாம் ஒருவர் தலையில் விழும்போது, வரவுக்குக் கொடுக்கும் காசு இயல்பாகவே மற்றவர் பக்கம் சாய்ந்துவிடும். 2019இல் அந்தக் கொடுப்பனவு நீக்கப்பட்டு 700 அடிப்படையும் 50 விலைப்பங்கும் என்று ஆனது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், 2026 ஜனவரி முதல் 1550 ரூபாயும் அதற்கு மேல் அரசாங்கம் தரும் 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகையும் என்று அறிவித்தபோது, வரவுக்கான காசு மறுபடி வந்துவிட்டது. சம்பள உயர்வை வரவேற்கிறேன். அந்த 200 ரூபாயை முழுதாக வாங்கியவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தோட்டத் தோட்டமாகப் பிரித்துக் காட்டச் சொல்லித் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும்.

கேட்பார்களா என்பது வேறு கதை. சந்தாப் பணம் பெண்களின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டப்படுகிறது. சங்கத்தில் அவர்களுக்கு மாதர் தலைவி என்ற பதவியும் மே தின ஊர்வலத்தில் முன்வரிசையும் உண்டு. சம்பளம் பேசும் மேசையில் மட்டும் பெண்ணைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. 1930களில் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரோடு மேடை ஏறித் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாகப் பாடிய மீனாட்சி அம்மாளின் மலையகம் இது. ஆனாலும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் தேர்தல் வரவேண்டியிருந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் அப்போதுதான் தெரிவானார்கள்.

பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்த ஆண் மிச்ச நேரத்தை என்ன செய்கிறார்? சிலர் தவறணைக்கு (மதுக்கடைக்கு) போகிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் லயத்துப் பெண்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் பலர் மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், டவுனில் மூட்டை தூக்குகிறார்கள். அது இரண்டாவது வருமானம். பெண்ணுக்கும் இரண்டாவது வேலை இருக்கிறது: தண்ணீர், விறகு, சமையல், துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றைச் செய்தது. சம்பளமில்லாத வேலையின் பெரும்பாரம் பெண்கள்மேல் கிடக்கிறது என்று அது காட்டியபோது எங்கள் லயத்தில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். பொருளியலில் இதற்கெல்லாம் வருமான இடைவெளி என்று பெயர். நாட்சம்பள வீதத்தை மட்டும் பார்த்தால் இடைவெளி பூச்சியம். மாதமுடிவில் கையில் சேர்ந்ததைப் பார்த்தால் இடைவெளி தெரியும், அதற்குக் கொடுத்த மணித்தியாலத்தால் பிரித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பதவி உயர்வை ஒரு வரியில் முடித்துவிடலாம். அம்மா வேலைக்குப் போன முதல் நாள் செய்ததும் கடைசி நாள் செய்ததும் ஒரே வேலை. அவரோடு பெயர் பதிந்த ஆண்களில் சிலர் கங்காணியானார்கள், ஒருவர் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) மெஷின் பக்கம் போனார். இப்போது பெண் கங்காணிகள் சில தோட்டங்களில் இருக்கிறார்கள், நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் ஊழியப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 73 சதவீதம் ஊழியப்படையில் இருந்தார்கள், பெண்களில் 34.5 சதவீதம். நாடு முழுவதுக்குமான இந்தச் சராசரிக்குள் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்று துறைகள் இருக்கின்றன. பெண்களின் பங்கேற்பு மூன்றிலும் அதிகமாக இருப்பது பெருந்தோட்டத்தில்தான். உங்கள் லயத்தில் நீங்கள் பார்த்ததும் பாடப்புத்தகம் சொல்வதும் மோதவில்லை.

ஏன் அதிகம் என்று கேட்டால், தோட்டத்துப் பெண்ணுக்கு அதிக சுதந்திரம் இருந்தது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டதற்குப் பிறகு, வருடம் முழுவதும் விரல்கள் தேவைப்பட்டன. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆட்கள் வந்து திரும்பினார்கள். தேயிலைக்குக் குடும்பமே குடியிருக்க வேண்டியிருந்தது. லயக் காம்பரா (அறை) வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருக்காவிட்டால் அந்தக் காம்பராவில் எந்த உரிமையோடு இருப்பது என்ற பயம் இன்றைக்கும் போகவில்லை. வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தைக் கட்டியதும்கூட, தாய் சீக்கிரம் மலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். காரணம் எதுவானாலும் அது தாய்மாருக்கு உதவியது என்பதை மறுக்க மாட்டேன். கொழும்பில் அலுவலகம் போகும் தாய், பிள்ளையை விட நம்பகமான இடம் தேடி அலைகிறார், தோட்டத்தில் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நாட்டின் பெண் பங்கேற்பை உயர்த்த வழி தேடுகிறவர்கள் பிள்ளை மடுவத்தை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

இங்கே கணக்கெடுப்புக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். வரைவிலக்கணப்படி, கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது கூலிக்கோ, இலாபத்துக்கோ, குடும்ப வருமானத்துக்கோ வேலை செய்தவர் 'வேலையில் உள்ளவர்'. வேலை இல்லாமல், கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடி, கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் போகத் தயாராக இருப்பவர் 'வேலையற்றவர்'. இரண்டும் இல்லாதவர் ஊழியப்படைக்கு வெளியே. படிவம் நல்ல படிவம்தான். வாசலில் நின்று, "உங்கள் மனைவி போன வாரம் என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால், "அவள் சும்மா வீட்டில்தான்" என்று கணவர் சொல்வார். அவர் சொல்லும்போதே பின்னால் அந்த அம்மா விற்பதற்காக லீக்ஸ் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருப்பார். அதைக் காட்டி மறுபடி கேட்டால்தான் "அதுவா, அது கைவேலை" என்று பதில் வரும். மறுபடி கேட்காத கணக்கெடுப்பாளரிடம் அந்தப் பெண் ஊழியப்படைக்கு வெளியே போய்விடுவார். இந்த 'சும்மா' என்ற சொல் எத்தனை பெண்களைப் புள்ளிவிபரத்திலிருந்து வெளியேற்றியது என்று நினைத்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும்.

இனி அக்கா. அதே 2019இல் வேலையின்மை வீதம் ஆண்களுக்கு 3.3, பெண்களுக்கு 7.4 சதவீதம். ஊழியப்படைக்குள் வருவதே மூன்றில் ஒரு பெண். வந்தவர்களிலும் ஆண்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேலை இல்லாமல் நிற்கிறார்கள். உயர்தரமும் அதற்கு மேலும் படித்த பெண்களிடம்தான் இந்த வீதம் மிக உயரம். படிக்காதவருக்கு வேலை இருக்கிறது, படித்தவருக்கு இல்லை என்ற தலைகீழ் நிலை மாணவர்களைக் குழப்பும். லயத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். உங்கள் அம்மாவுக்கு வேலையின்றி இருக்க வசதி இல்லை, விடிந்தால் மலை. அக்காவை மலைக்கு அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் அம்மா அத்தனை வருடம் ஏறினார். ஆகவே கூடை அக்காவுக்கு முன்னால் இருந்தாலும் அது அவருக்கான வேலை இல்லை. ஆசிரியர் நியமனம், கிராம சேவகர், தபால், வங்கி என்று அவர் காத்திருக்கும் வேலைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஒரு நாடு வளரும்போது பெண்களின் உழைப்புப் பங்கேற்பு முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்று வரலாற்றுத் தரவுகளிலிருந்து காட்டியவர். அப்படி இறங்கி ஏறும் வளைவின் அடிப்பள்ளத்தில் நிற்பவர்கள், பழைய வேலையை விட்டு, புதிய வேலை இன்னும் வந்து சேராதவர்கள். உங்கள் வீட்டில் அந்த இடத்தில் நிற்பவர் அக்கா.

அதே உயர்தரம் படித்த அண்ணன் இருந்திருந்தால்? கொழும்பில் ஏதாவது கடையில் பில் போட, சாமான் இறக்கப் போயிருப்பார். சம்பளம் சொற்பமானாலும் 'வேலையில் உள்ளவர்' என்று பதிந்திருப்பார்கள். மகளை அப்படி அனுப்பப் பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் பழைமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் இருபத்தொரு வயதில் கொழும்பில் ஒரு தனியார் அலுவலகத்தில் சேர்ந்தேன். அதே மாதம் சேர்ந்த பையனுக்கு என்னைவிட அதிகம் கொடுத்தார்கள். கேட்டபோது, "அவர் நாளைக்குக் குடும்பம் நடத்த வேண்டியவர், நீங்கள் கல்யாணம் கட்டிப் போய்விடுவீர்கள்" என்றார்கள். என் சம்பளத்தில்தான் தம்பி அப்போது படித்துக்கொண்டிருந்தான்.

கல்யாணம் என்ற இந்தக் கணக்கு சட்டத்துக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைத் திருமணத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கும் வழி பெண்ணுக்கு மட்டும் உண்டு. உதவியாகத்தான் வைத்தார்கள். அப்படி எடுத்த காசு நகையாகவும் விருந்தாகவும் போனதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விஷயத்திலும் இப்படித்தான். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவரப்பட்டபோது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி தாயிடம் மட்டுமே கேட்கப்பட்டது. தகப்பன் கட்டாருக்குப் போக எந்த அறிக்கையும் தேவைப்படவில்லை.

சரி, அக்காவை எந்தப் பெட்டியில் போடுவது? கடந்த நான்கு வாரத்துக்குள் எங்காவது விண்ணப்பித்தாரா, வர்த்தமானி பார்த்துப் படிவம் அனுப்பினாரா என்று கேளுங்கள். அனுப்பியிருந்தால் வேலையற்றவர் கணக்கில் வரலாம். மூன்று வருடம் அனுப்பிக் களைத்து இப்போது நிறுத்திவிட்டார் என்றால் வேலையின்மை வீதத்தில் அவர் இல்லை. அவர் வெளியேறியதால் அந்த வீதம் ஒரு துளி குறைந்தும் இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பின்னேரப் பாடத்துக்கு லயத்து அம்மாமார் மாதம் ஏதாவது கையில் கொடுக்கிறார்களா? இருநூறு, முந்நூறு கொடுத்தாலும் போதும். கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் அப்படிப் படிப்பித்திருந்தால், விண்ணப்பம் எத்தனை அனுப்பியிருந்தாலும், படிவத்தில் அக்கா 'வேலையில் உள்ளவர்'.